உள்ளே இருக்கிற தொண்ணூத்தெட்டு

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டே பயம்தான்: போன் அடித்தால் ஒரு பயம், ரொம்ப நேரம் அடிக்காவிட்டால் இன்னொரு பயம். நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தவர் என்றால், ரிங்டோன் கேட்டதும் அடிவயிற்றில் என்னவோ புரளுமே, அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். மற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள். அவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

நான் திருப்பத்தூர்க்காரி. டிப்ளமோ முடித்துவிட்டு பெங்களூர் வந்து, ஈஜிபுராவில் மூன்று பெண்களோடு ஒரே ரூமில் தங்கிக்கொண்டு, ஆடுகோடியில் ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். "எங்க இன்ஜினியர் வந்துட்டே இருக்காங்க" என்று ஆபீசில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் போய் ஸ்கூட்டியை நிறுத்தினால், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். பாஸ் நாகராஜ் சாருக்கு வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். கீழே வருவதெல்லாம் ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் நான் பட்ட பாடு. மற்றவர்களிடம் பட்டதையும் எழுதலாம், ஆனால் அதில் யாரும் அழவில்லை.

டப்பாவுக்குள் டப்பா

செல்விக்காவின் எம்பிராய்டரி யூனிட் எங்கள் ஆபீசிலிருந்து நாலு சந்து தள்ளி, ஒரு ஷீட் கூரைக்குக் கீழே இருந்தது. உள்ளே இரண்டு பெரிய மெஷின்கள், எந்நேரமும் தடதடவென்று சத்தம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் பாக்கெட்டில் தைக்கும் பேட்ஜ்தான் முக்கியமான வேலை. பேட்ஜ் படத்தை முதலில் கம்ப்யூட்டரில் போட்டு, ஊசி எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று தையல் தையலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பஞ்சிங் என்று பெயர். செல்விக்காவின் தம்பி ரவிதான் பஞ்சிங் பண்ணுவார். முடித்ததை ஃப்ளாப்பியில் போட்டு மெஷினில் செருகினால், மெஷின் தைத்துத் தள்ளும்.

சிக்கல் என்னவென்றால், அந்த பஞ்சிங் சாஃப்ட்வேர் பழசு. தொண்ணூத்தெட்டாம் வருஷத்து விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பழைய கம்ப்யூட்டர் புகைந்து போனபோது புதுசு வாங்கினார்கள். புதுசு தொண்ணூத்தெட்டை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டது. அப்போதுதான் நாகராஜ் சார் எங்கேயோ படித்துவிட்டு வந்து ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். புது கம்ப்யூட்டருக்குள் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு, அதற்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் தொண்ணூத்தெட்டைக் குடிவைப்பது. விர்ச்சுவல் மெஷின். தன்னைக் குடிவைத்திருப்பது நிஜ மெஷின் இல்லை என்று தொண்ணூத்தெட்டுக்குத் தெரியவே தெரியாது. நான் போட்டுக் காட்டியதும் திரைக்குள் இன்னொரு திரை திறந்து, அதில் மேகமும் நீல வானமும் வந்தது. ரவி கை தட்டினார். பெருமையில் எனக்குத் தலை கால் புரியவில்லை. செல்விக்கா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரி சுமதி, வெளிய இருக்கறது செத்தா உள்ள இருக்கறது இன்னா ஆவும்? மொதல்ல அதச் சொல்லு."

மத்தியான வேலை

சில மாதம் கழித்து அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. ஊரெல்லாம் தெரிந்த சண்டை, அதனால் நான் சொல்வதில் தப்பில்லை. மத்தியானம் செல்விக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரத்தில் ரவி திருட்டுத்தனமாக வெளி வேலை பண்ணுகிறார் என்று அக்காவுக்குச் சந்தேகம். அக்கா உள்ளே வந்தால் திரையைச் சட்டென்று மூடிவிடுகிறாராம். "இன்னா பண்ணினு இருந்த?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்றாராம். ஒருநாள் எல்லார் முன்னாலும் "என் மெஷின்ல திருட்டு வேலை பண்றியா?" என்று கேட்டுவிட்டார். ரவி ரோஷக்காரர். ஒரு வார்த்தை பேசாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். ரவிக்கு ஒரு மெஷினும் அவர் ஃப்ளாப்பிப் பெட்டியும். செல்விக்காவுக்கு இன்னொரு மெஷினும், கம்ப்யூட்டரும், அதன் பின்னால் செருகியிருக்கும் பூட்டும். பூட்டு என்பது கட்டைவிரல் அளவு ஒரு டாங்கிள். அது செருகியிருந்தால்தான் பஞ்சிங் சாஃப்ட்வேர் வேலை செய்யும். ஆக, பஞ்சிங் தெரிந்தவர் பூட்டு இல்லாமல் ஒக்கலிபுரத்தில் போய்க் கடை போட்டார். பூட்டு இருந்தவர் பஞ்சிங் தெரியாமல் ஆடுகோடியில் உட்கார்ந்தார். இப்படிப் பிரித்துக் கொடுத்த பெரியவர்கள் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்கு அடுத்த வாரம் எனக்குப் போன். சாஃப்ட்வேர் திறக்கவில்லை. பதறியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் பின்னால் டாங்கிள் இல்லை. செல்விக்கா தினமும் சாயங்காலம் அதைக் கழற்றி, சின்ன பர்ஸில் போட்டு, வீட்டுக்கு எடுத்துப் போய் பீரோவில் நகையோடு வைக்கிறார். அன்றைக்குக் கொண்டுவர மறந்துவிட்டார். "அக்கா, இதை அடிக்கடி கழற்றினால் பின் வளைந்துபோகும்" என்றேன். அவர் சொன்னது:

"மெஷின் போனா மெஷின் வாங்கலாம். இது போச்சுன்னா பழைய ஃப்ளாப்பிக்காக நான் அவன் வாசல்ல போயி நிக்கணும். அதுக்கு நான் கடையையே இழுத்து மூடிடுவேன்."

மஞ்சுளாவின் கேள்வி

ரவி போன பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது மஞ்சுளா. அதுவரை நூல் வெட்டிக்கொண்டிருந்த பெண். கன்னடக்காரி, ஆனால் தமிழும் கன்னடமும் ஒரே வாயில் வரும். ரவி பண்ணுவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தாள். பழைய டிசைனில் எழுத்தை மாற்றுவது, பெரிசு சின்னது பண்ணுவது, இவ்வளவு வரும். பள்ளிக்கூடங்கள் பேட்ஜை மாற்றாதவரை கவலையில்லை.

அவளிடமிருந்து வாரம் ஒரு போன் வரும். "அக்கா, தொண்ணூத்தெட்டு காணோம்" என்பாள். போய்ப் பார்த்தால் ஜன்னலைச் சின்னதாக்கிக் கீழே ஓரத்தில் போட்டிருப்பாள். எனக்கு அதில் கோபம் இல்லை. எனக்குப் பயமெல்லாம் அவள் கம்ப்யூட்டரை நிறுத்தும் முறையில்தான். முதலில் உள்ளே இருக்கிற தொண்ணூத்தெட்டை ஒழுங்காக ஷட்டவுன் பண்ண வேண்டும், பிறகுதான் வெளியே இருப்பதை. இவள் நேராக வெளியே இருப்பதை நிறுத்திவிட்டு, துப்பட்டாவைச் சரி பண்ணிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். உள்ளே இருக்கிற பாவப்பட்டது தினமும் கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்து, காலையில் எழுந்து "நேற்று என்னை ஒழுங்காக நிறுத்தவில்லை" என்று புலம்பும். படம் போட்டு, பேப்பரில் எழுதி, மானிட்டரில் ஒட்டிப் பார்த்துவிட்டேன். ஒருநாள் என் நச்சரிப்புத் தாங்காமல் மஞ்சுளா திருப்பிக் கேட்டாள். அவள் கன்னடத்தில் பீகா என்றால் பூட்டு:

"வெளி வாசலை மூடி பீகா போட்டுட்டுப் போனா, உள்ள ரூம்ல இருக்கறவங்க தானா தூங்கிக்க மாட்டாங்களா அக்கா?"

மே மாத மழை

மே மாதம் பெங்களூரில் சாயங்கால மழை வரும். மழை வந்தால் கரண்ட் போகும். அதற்காகத்தான் யூபிஎஸ். யூபிஎஸ்ஸின் பேட்டரி செத்துவிட்டதென்று மாற்றச் சொல்லி நான் தொண்டை வற்றக் கத்தியிருந்தேன். அந்த யூபிஎஸ்மேல் நூல்கண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் இருக்கிற ஆர்டரிலேயே பெரியது, ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் பேட்ஜ். அவர்கள் சின்னத்தையே மாற்றிவிட்டார்கள். நடுவில் விளக்கு, அதன் கீழே புத்தகம், மேலே சூரியன், சுற்றி வளைவாக எழுத்து. மஞ்சுளா முட்டி மோதி, பல நாள் உட்கார்ந்து, எப்படியோ பஞ்சிங்கை முடித்திருந்தாள். ஃப்ளாப்பியில் போடுவதற்கு முன்னால் மழை வந்தது. கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் வெளியே இருக்கிற கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக எழுந்தது. உள்ளே இருக்கிற தொண்ணூத்தெட்டு கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலத்தைக் காட்டிவிட்டு அப்படியே நின்றது.

நான் போனபோது வெள்ளிக்கிழமை மத்தியானம். திங்கட்கிழமை காலையில் யூனிஃபார்ம் கான்ட்ராக்டர் வந்து பேட்ஜ் வாங்க வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பு. இது தவறினால் இந்தப் பள்ளிக்கூடமும் போகும், இதைப் பார்த்து மற்றதும் போகும். மூன்று நாளுக்குள் இந்தச் சின்னத்தைப் புதிதாகப் பஞ்சிங் பண்ணக்கூடிய ஆள் செல்விக்காவுக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பெயரை அந்த ஷீட் கூரைக்குக் கீழே யாரும் சொல்ல முடியாது. செல்விக்கா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. உள்ளே குடிவைத்தது நான்தானே. மஞ்சுளா மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, உலகத்தில் எல்லா மொழியிலும் எல்லா வாடிக்கையாளரும் நம்மிடம் சொல்லும் 'நான் ஒண்ணும் பண்ணல' என்ற அந்த ஒரே வாக்கியத்தைக் கன்னடத்தில் சொன்னாள்:

"நானேனூ மாடில்ல அக்கா!"

கை கட்டு

நாகராஜ் சாருக்குப் போன் போட்டேன். "ஏனாயித்தும்மா?" என்றார், என்ன ஆச்சு என்று. சொன்னேன். அவர் கத்தவில்லை. அவர் கத்தாமல் இருந்தால்தான் எனக்குப் பயம் அதிகம். பிறகு, எதையும் தொடாதே, முதலில் அந்த ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட்டிஸ்க்கில் காப்பி எடு, வைத்தியம் எல்லாம் காப்பிக்குத்தான், ஒரிஜினலுக்கு இல்லை என்றார். ஆபீசிலிருந்து ஹார்ட்டிஸ்க்கை அவரே பைக்கில் கொண்டுவந்து கொடுத்தார்.

விர்ச்சுவல் மெஷினில் ஒரு வசதி, முழுக் கம்ப்யூட்டரும் சில ஃபைல்களாகத்தான் இருக்கும், காப்பி எடுத்துவிடலாம். காப்பி ஓட ஆரம்பித்தது. அந்தப் பச்சைக் கோடும், பக்கத்தில் எழுதும் மீதி நேரமும் இருக்கிறதே, அதை எழுதியவனை நீங்களும் சபித்திருப்பீர்கள். பத்து நிமிஷம் என்று சொல்லும், திடீரென்று நாலு மணி நேரம் என்னும், நான் செல்விக்காவின் முகத்தைப் பார்ப்பேன், மறுபடி இருபது நிமிஷம் என்னும். செல்விக்கா அதை ஒவ்வொரு முறையும் நம்பினார். ஏறும்போது நெஞ்சில் கை வைத்தார், இறங்கும்போது கையை எடுத்தார். நான் சும்மா இருக்க முடியாமல் மவுஸைத் தொடப்போனேன். நாகராஜ் சார் பின்னால் நின்றபடியே சொன்னார்:

"தொடாதே. கையைக் கட்டிக்கோ. கட்ட முடியலன்னா பக்கத்துக் கடையில போய் டீ குடி, அந்த கிளாஸையாவது பிடிச்சுக்கோ."

பேர் போன ஃபைல்கள்

சனிக்கிழமை காலையில் காப்பிக்கு வைத்தியம் ஆரம்பம். ஸ்கேன்டிஸ்க் ஓட்டினேன். பழைய விண்டோஸ் பழகியவர்களுக்கு அது தெரியும்: டிஸ்க் முழுக்கத் தேடி, உடைந்து கிடப்பதையெல்லாம் பொறுக்கிச் சேர்க்கும். பொறுக்குகிறதே தவிர, எது யாருடையது என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பெயர் வைத்து, வரிசையாக எண் போட்டுக் கொடுத்துவிடும். அந்த ஒரு வருஷத்தில் மஞ்சுளா பண்ணிய டிசைன்கள் எல்லாம், எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஓட்டல் என்று ஒன்றும் தெரியாமல், எண்களாக வந்து நின்றன. தொண்ணூத்தெட்டும் எழவில்லை. எல்லாவற்றையும் புதிதாகப் போடலாம் என்றால், பஞ்சிங் சாஃப்ட்வேரின் சிடி ரவியின் ஃப்ளாப்பிப் பெட்டியோடு ஒக்கலிபுரம் போய்விட்டது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்விக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் "இன்னாம்மா, எல்லாம் போச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். "இருக்குதுக்கா, பேர்தான் போயிடுச்சு. எது எதுன்னு தெரியல" என்றேன். செல்விக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். நூல் வெட்டிக்கொண்டிருந்த மஞ்சுளா எழுந்து வந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்:

"பேரு போனா போகட்டும் அக்கா, மூஞ்சி இருக்குதல்லா? தொறந்து காட்டுங்க, நான் சொல்றேன்."

ஓடும்போது எடுத்த படம்

திறந்து காட்ட வேண்டும் என்றால் சாஃப்ட்வேர் ஓட வேண்டும். அது ஓட ஒரு நல்ல தொண்ணூத்தெட்டு வேண்டும். மறுபடி நாகராஜ் சாருக்குப் போன். "ஸ்னாப்ஷாட் ஏதாவது எடுத்து வெச்சிருக்கியா?" என்றார்.

ஸ்னாப்ஷாட் என்பது, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எப்படி இருந்ததோ, அப்படியே பிடித்து வைப்பது. பின்னால் என்ன கெட்டுப்போனாலும் அந்த நேரத்துக்குத் திரும்பிப் போய்விடலாம். அதற்குப் பின்னால் நடந்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதால், காப்பியில் மட்டும்தான் செய்து பார்க்க வேண்டும். தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது, போன வருஷத்தது. ஃப்ளாப்பி டிரைவ் படிக்கவில்லை என்று ஒரு மத்தியானம் போனபோது நான் எடுத்தது. எனக்கு உயிர் வந்தது. "மெஷினை நிறுத்திட்டுத்தானே எடுத்தே?" என்றார் சார். வந்த உயிர் பாதியில் நின்றது. நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அன்றைக்கு ரவி வேலையாக இருந்தார். "நிறுத்தாதீங்க மேடம், பாதியில இருக்கேன்" என்று சொல்லி, நான் பார்க்காதபடி ஒரு ஜன்னலைச் சின்னதாக்கிவிட்டு எழுந்து போனார். நானும் போகட்டும் என்று ஓடும்போதே எடுத்துவிட்டேன். ஓடும்போது எடுத்தது நேராக எழுமா, பாதியில் ஹேங் ஆகித் தொங்குமா என்று போனில் அவராலும் சொல்ல முடியவில்லை. "பண்ணு, வேற வழியில்ல" என்றார்.

இன்னொரு காப்பி எடுத்து, அதில் அழுத்தினேன். திரை கறுப்பானது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. அப்புறம் எந்தப் பந்தாவும் இல்லாமல், நீல வானம், மேகம், பஞ்சிங் சாஃப்ட்வேர். தொண்ணூத்தெட்டு தூங்கி எழுந்த மாதிரிகூட இல்லை, கண் சிமிட்டிய மாதிரி அந்த மத்தியானத்திலேயே இருந்தது. ஓரத்தில் இருந்த கடிகாரத்தில் சாப்பாட்டு நேரம். கீழே ஒரு ஜன்னல் சின்னதாகிக் கிடந்தது. என்னவென்று பார்க்க அதைத் திறந்தேன். பச்சைக் கிளி ஒன்று, சின்னக் கவுனில் தைக்கிற அளவில். ஒரு றெக்கைக்குத் தையல் நிரப்பியிருந்தது, இன்னொன்று வெறும் கோடு. கிளிக்குக் கீழே தமிழில் "தீபா" என்று எழுதி, "தீ" மட்டும் ரோஜா நிறத்தில் முடிந்திருந்தது. தீபா செல்விக்காவின் மகள். பக்கத்தில் நின்றிருந்த மஞ்சுளாதான் வாயைத் திறந்தாள்:

"அக்கா, இது நம்ம பாப்பா பேரல்லவா?"

பாதிச் சூரியன்

செல்விக்கா முன்னால் வந்து திரையைக் கிட்டத்தில் பார்த்தார். "இது எந்த நாளு?" என்றார். கடிகாரத்தின்மேல் மவுஸை வைத்துத் தேதியைச் சொன்னேன். பாப்பாவின் பிறந்தநாளுக்கு முந்தின வாரம். அதே வாரம்தான் சண்டையும். "இதத்தான் மூடினானா?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. ரிப்பேருக்குப் போன வீட்டில் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டு நிற்பது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கும் தெரியும். அவரே, "நீ வேலையப் பாரு சுமதி" என்றார். கிளியை முதலில் சேவ் பண்ணினேன். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தரமும் பண்ணினேன்.

பேர் போன ஃபைல்களை ஃப்ளாப்பியில் எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்தேன். மஞ்சுளா பார்த்ததும் சொன்னாள். இது அந்த கான்வென்ட், இது அந்த ஓட்டல், இது செக்யூரிட்டிக்காரர்களின் தோள்பட்டை. ஒவ்வொரு பெயரும் சொல்லும்போது எனக்கு ஒரு கிலோ எடை குறைந்தது. கடைசியில் விளக்கு வந்தது, அதன் கீழே புத்தகமும் வந்தது. மேலே சூரியன் பாதியோடு அறுந்துபோயிருந்தது. வளைவான எழுத்துகள் ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் பிழைத்து, திங்கட்கிழமைக்கு வேண்டிய ஒன்று மட்டும் பாதி உயிரோடு கிடந்தது. மஞ்சுளா உட்கார்ந்து எழுத்தை மறுபடி போட்டுப் பார்த்தாள். அவசரத்தில் போட்டதால், தைத்துப் பார்த்தபோது துணி சுருங்கி, எழுத்து பல்லைக் காட்டியது. அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. என் வேலை முடிந்துவிட்டது, ஆனால் யாரும் பிழைக்கவில்லை.

செல்விக்கா மேஜைமேல் இருந்த போனை எடுத்தார். நம்பரை எங்கேயும் தேடாமல் அடித்தார். அந்தப் பக்கம் எடுத்தது தெரிந்தது. ஆர்டரைப் பற்றிச் சொல்வார், கெஞ்சுவார், அல்லது பேச முடியாமல் வைத்துவிடுவார் என்று நான் மூன்றையும் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அவர் ஹலோகூடச் சொல்லவில்லை:

"டேய் ரவி, பாப்பா கிளிக்கு ஒரு றெக்கைய அப்படியே உட்டுட்டுப் போயிட்டியேடா, எப்ப வந்து போடப் போற?"

ஞாயிற்றுக்கிழமை

ரவி காலையிலேயே வந்தார், ஃப்ளாப்பிப் பெட்டியைக் கையில் இடுக்கிக்கொண்டு. "வா" என்று அக்காவும் சொல்லவில்லை, "எப்படி இருக்க?" என்று தம்பியும் கேட்கவில்லை. செல்விக்கா பர்ஸிலிருந்து டாங்கிளை எடுத்து, எப்போதும் தானே செருகுகிறவர், அன்றைக்கு அதை மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். ரவி குனிந்து அதைச் செருகினார். எனக்கு லீவு நாள்தான். ஆனால் இந்த நேரம் பார்த்துத் தொண்ணூத்தெட்டு படுத்துவிட்டால் என் நிலைமை என்ன என்று நினைத்து, கூப்பிடாமலே போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். தொங்குகிறதா, தொங்குகிறதா என்று அந்தத் திரையையே பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்துப் பிடித்துவிட்டது.

மஞ்சுளாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ரவி மீதிச் சூரியனைப் போட்டார். எழுத்துக்குக் கீழே துணி சுருங்காமலிருக்க முதலில் ஒரு லேசான தையல் போட வேண்டும் என்று அவளுக்குக் காட்டினார். அக்காவும் தம்பியும் நூல் நிறத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். "மஞ்சளா, ஆரஞ்சா?" "சூரியனுக்கு எவனாவது ஆரஞ்சு போடுவானா?" மத்தியானத்துக்குள் மெஷின் தடதடக்க ஆரம்பித்தது. முதல் பேட்ஜைக் கையில் வாங்கி, செல்விக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து ரவிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை.

ரவி கிளியைத் திறந்தார். கோடாக இருந்த றெக்கைமேல் மவுஸை வைத்தார். அப்படியே நின்றது. தொண்ணூத்தெட்டு தொங்கிவிட்டதோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன். தொங்கவில்லை, அவர் கைதான் நின்றிருந்தது. பின்னால் திரும்பாமல் கேட்டார்:

"ஏன்க்கா, பாப்பாவுக்கு இப்ப போன வருஷ சைஸ் கவுன் பத்துமா?"

மெஷினைச் சரி பண்ணத்தான் நமக்குச் சம்பளம், வயிற்றில் புளி கரைந்ததெல்லாம் மற்றதற்காக, அதற்கு எப்படி பில் போடுவது என்று நாகராஜ் சாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.